முயல் கொடுத்தனுப்பிய டாக்கோ

ஒன்பது வருஷமாக நான் விரித்துப் போடும் நாற்காலிகளில் ஒரு அப்பன்காரனும் வந்து உட்கார்ந்ததில்லை. அம்மாக்கள் வருவார்கள். சித்தி, அத்தை எல்லாம் வருவார்கள். கைக்குழந்தைகள் வந்து என் காய்கறிப் படங்களைக் கிழித்து வாயில் போட்டுக்கொள்ளும். ஆண்கள் மட்டும் மாதா கோயில் கூடத்து வாசல்வரை பிக்கப் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இன்ஜினைக்கூட அணைக்காமல் திரும்பிப் போய்விடுவார்கள். பிள்ளைகளின் எடை, சர்க்கரை, சொத்தைப் பல் இதெல்லாம் பொம்பளைச் சமாச்சாரம் என்று எங்கள் ஊரில் எவனோ என்றைக்கோ எழுதிவைத்துவிட்டான்.

கிளினிக்கில் எனக்கு வேலை வீடுவீடாகப் போவது. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே பதினெட்டு வருஷம் திராட்சை வெட்டி, முட்டி தேய்ந்துபோன பிறகு கிடைத்த வேலை. யார் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எட்டிப்பார்ப்பது எனக்குச் சின்ன வயசிலிருந்தே உள்ள குணம். அதற்காக எங்கம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். இப்போது அதையே வேலையாக்கி, கழுத்தில் படம் போட்ட அட்டையும் மாட்டிவிட்டார்கள்.

அந்த ஆகஸ்டில் கிளினிக்கிலிருந்து புதுத் தாள் ஒன்று வந்தது. இனிமேல் குண்டாகும் பிள்ளைகளின் வகுப்புக்குத் தகப்பன்மார்களையும் கூட்டிவர வேண்டுமாம். அப்பா சேர்ந்தால்தான் வீட்டுச் சாப்பாடு மாறுகிறது என்று யாரோ ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். நல்லதுதான். எப்படிக் கூட்டிவருவது, கயிறு கட்டியா என்று மட்டும் தாளில் போடவில்லை.

தாள் வந்த அதே வாரம் நொயெமி வீட்டுக்குப் போனேன்.

நொயெமிக்கு ஒரே மகள், யாரெலி. ஒன்பது வயசு. சிரித்தால் கண் ரெண்டும் காணாமல் போகும். பள்ளிக்கூடம் திறக்கும் முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ஆறு புள்ளி மூன்று என்று வந்திருந்தது. ஆறரையைத் தொட்டால் சர்க்கரை வியாதி. நவம்பர் கடைசியில் மறுபடி எடுப்போம், அப்போதும் ஏறுமுகமாக இருந்தால் மாத்திரைதான் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்பது வயசுக்கு மாத்திரை. நொயெமியின் அம்மாவும் மாத்திரையில்தான் ஆரம்பித்தாள். பிறகு ஊசி, பிறகு வலது கால்.

நான் போனபோது நொயெமி சமையலறையில் சப்பாத்திக் கள்ளி மடலைப் பலகையில் வைத்து முள் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெந்த சௌசௌ, பூசணிப் பிஞ்சு. ஒரு சின்னத் தராசுகூட வாங்கி வைத்திருந்தாள்.

"எண்ணெய் பாட்டில எடுத்துப் பரண் மேல போட்டுட்டேன் அக்கா. கலர் பாட்டில் இந்த வீட்டுக்குள்ள வந்து மூணு வாரம் ஆச்சு. சோள ரொட்டி அவளுக்கு ஒண்ணே ஒண்ணு. நேத்து நிறுத்தா ஒரு பவுண்டு கூட ஏறியிருக்கா. எப்படிக்கா ஏறும்? காத்தக் குடிச்சா ஏறுமா?"

"பள்ளிக்கூடத்துல எதாவது..."

"டீச்சர்கிட்டப் போயி நின்னு கேட்டுட்டேன். கொடுக்கிறதுல பாதி அப்படியே இருக்காம். பக்கத்து வீட்டுக்காரிதான் ஊட்டுறான்னு நெனச்சு அவகிட்டயும் சண்டை போட்டாச்சு. இப்ப அவ என் முகத்தப் பாக்கறதில்ல."

"உன் மாமியார்?"

"அவங்க இருக்கிறது எல்லைக்கு அந்தப் பக்கம், ஒஹாக்காவுல. போன்லயா ஊட்டுவாங்க? 'பிள்ளைய ஏன் பட்டினி போடுறே'ன்னு திட்டுறதோட சரி." கத்தியைப் போட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "என்னைத்தான்க்கா எல்லாரும் சொல்றாங்க. டாக்டரம்மா என்னைத்தான் கேக்கறாங்க. நான்தானே சமைக்கிறவ."

"உன் புருஷன் அர்னுல்போ என்ன சொல்றான்?"

"அவர் என்னைக்குப் பேசினாரு, இன்னைக்குப் பேச? 'பாத்துக்கோ'ம்பாரு. பாத்துக்கோ! அதுக்கு ஒரு ஆம்பளை."

அடுப்பின் மறுபக்கம் வேறு உலகமாக இருந்தது. பன்றிக் கொழுப்பில் வறுத்து மசித்த பயறு, முட்டையும் காரப் பன்றிக்கறியும் பிரட்டியது, உள்ளங்கையைவிடப் பெரிய மைதா ரொட்டிகள். ஒவ்வொன்றாக நிரப்பிச் சுருட்டி வெள்ளித்தாளில் மடித்தாள். ஏழு டாக்கோ எண்ணினேன்.

"இது யாருக்கு?"

"அவருக்குத்தான், நாளைக்கு. திராட்சை வெட்டறவருக்குக் கள்ளியக் கட்டிக் கொடுக்க முடியுமா? மயங்கி விழுந்துருவாரு. எல்லாத்தையும் தின்னுட்டுத்தான் வர்றாரு. பை காலியாத்தான் வரும். ஆனாலும் பாருங்க, உடம்புல ஒட்டவே மாட்டேங்குது. இடுப்புல பேன்ட் நிக்கல."

ஏழு தின்கிறவன் இளைக்கிறான், ஒன்று தின்கிறவள் ஏறுகிறாள். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத் தூங்கினேன். ஆனால் காலையில் எழுந்ததும் அதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

அந்தச் சனிக்கிழமை தகப்பன்மாருக்கென்று எட்டு நாற்காலி தனியாகப் போட்டேன். எட்டிலும் அம்மாக்களின் கைப்பைகள்தான் உட்கார்ந்திருந்தன. சரி, நீ வராவிட்டால் நான் வருகிறேன் என்று திங்கட்கிழமை பழைய பூட்ஸைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு திராட்சைத் தோட்டத்துக்கே போய்விட்டேன்.

உலர்திராட்சைக்கு வெட்டும் காலம் அது. விடிந்தும் விடியாமலும் இறங்குவார்கள். வளைந்த சின்னக் கத்தியால் குலையைக் கிள்ளி, தொட்டி நிறைந்ததும் இரண்டு வரிசைக்கு நடுவே சமன் செய்த மண்ணில் காகிதத்தை விரித்து அதன் மேல் கொட்டிப் பரப்ப வேண்டும். முட்டி போட்டு, எழுந்து, மறுபடி முட்டி போட்டு. மூன்று வாரம் வெயிலில் கிடந்து சுருங்கி இனிப்பாகும். பதினொரு மணிக்கே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. புழுதி இமையில் ஒட்டியது. இலைக்கு அடியில் தலையை விட்டால் குளவி. இதையா பதினெட்டு வருஷம் செய்தேன் என்று என் முட்டியைத் தடவிக் கொடுத்தேன்.

கங்காணி விசில் ஊதியதும் ஆட்கள் வரிசையின் ஓரத்து நிழலுக்கு வந்தார்கள். என்னைப் பார்த்த உடனே சிரிலோ ஆரம்பித்துவிட்டான். அந்தக் கும்பலில் வாய் அவனுக்குத்தான்.

"டேய், துலியா அக்கா வந்துட்டாங்க! டாக்கோவ ஒளிச்சு வைங்கடா, தராசு கொண்டாந்திருப்பாங்க."

"உன்னை நிறுக்கத் தராசு பத்தாது. லாரி நிறுக்கிற இடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்."

எல்லாரும் சிரித்தார்கள். எலுமிச்சை பிழிந்து மிளகாய்த்தூள் தூவிய வெள்ளரித் துண்டுகள் ஒரு வாளி கொண்டுபோயிருந்தேன். வெயிலில் அதை வேண்டாம் என்று சொல்ல ஆள் கிடையாது. கை நீட்டி எடுக்க எடுக்க நான் பேச்சுக் கொடுத்தேன்.

"வகுப்புக்கு ஏன் வர மாட்டேங்கறீங்க?"

"அங்க வந்து என்ன செய்யட்டும்? கேரட்டுப் படத்துக்குக் கலர் அடிக்கவா?" என்றான் சிரிலோ. "எங்க வீட்டுல சாப்பாட்டு மந்திரி அவதான். நான் வெறும் வாய்."

"அந்த வாயத்தான் கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

எல்லாரும் வெள்ளித்தாளைப் பிரித்துத் தின்றார்கள். அர்னுல்போ மட்டும் இல்லை. தேடினேன். பத்துப் பதினைந்து கொடி தள்ளி, தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருந்தான். தலைமாட்டில் கலர் குடித்த சிவப்பு டின் ரெண்டு, காலி. நீலத்துணிச் சாப்பாட்டுப் பை கொடிக் கம்பத்தில் தொங்கியது. சொன்னேனே, எனக்குச் சின்ன வயசுப் பழக்கம். பையைத் தூக்கிப் பார்த்தேன். கனத்தது.

"அதத் தொடாதீங்க அக்கா!" என்று சிரிலோ கத்தினான். "அது முயலோட சாப்பாடு!"

கூட்டம் மறுபடி சிரித்தது. எனக்குச் சட்டென்று புரிந்துபோயிற்று.

எங்கள் பக்கத்து அப்பன்மார் வேலையிலிருந்து திரும்பும்போது சாப்பாட்டுத் துணியில் ஒரு டாக்கோவை மிச்சம் வைத்துக் கொண்டுவருவார்கள். வழியில் முயல் ஒன்று பார்த்தேன், உனக்கு இதைக் கொடுத்தனுப்பியது என்பார்கள். வெயிலில் கிடந்து ஓரம் விறைத்திருக்கும். வீட்டில் சுடச்சுட இருப்பதை விட்டுவிட்டு அந்த ஒன்றுக்கு அடித்துக்கொள்வோம். என் அப்பாவுக்கும் ஒரு முயல் இருந்தது. சண்டை போட்டு அண்ணன் கையைக் கடித்திருக்கிறேன்.

அர்னுல்போ எழுந்து உட்கார்ந்தான். கன்னம் உள்ளே போயிருந்தது. நான் அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு மிச்சம் வைக்கிறதுதான் வழக்கம். நீ எத்தனை வைக்கிற?"

தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "நாலு. சில நாள் அஞ்சு. இப்பல்லாம் ஆறு."

"அவ கட்டிக் கொடுக்கிறது ஏழு."

"காலையில ஒண்ணு தின்னுருவேன் அக்கா. மத்தியானம் பசிக்கறதில்ல."

"பொய் சொல்லாதே. நானும் வெட்டினவதான். இந்த வேலைக்கு மண்ணத் தின்னாலும் பசிக்கும்."

"கலர் குடிச்சா அடங்கிரும்."

பிறகு பேசினான். அவனை எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். அவ்வளவு பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நாங்க ஆறு பிள்ளைங்க. எங்கப்பா கொண்டாறது அரை ரொட்டி, உப்பு தடவினது. அத ஆறாப் பிப்பாரு. எனக்கு வர்றது இந்தக் கட்டைவிரல் அளவு. என் பிள்ளைக்கு முழுசாக் கொடுக்கணும்னு அன்னைக்கே நெனச்சேன். இவ நாலு வயசுல ஒண்ணு தின்னா. அஞ்சு வயசுல ரெண்டு. பிள்ளை வளர்றா, முயலும் கூடக் கொடுக்கணும்ல?"

"அவளுக்கு ரத்தத்துல சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது, தெரியுமா?"

"நொயெமி சொன்னா. நான் இனிப்பு எதுவும் கொடுக்கலையே அக்கா. வீட்டுச் சாப்பாடுதானே. அவ சமைச்சதுதானே."

அவன் ஏமாற்றவில்லை. அவன் கணக்கில் கடைத்தின்பண்டம்தான் விஷம், அம்மா கை பட்டது எத்தனை தின்றாலும் மருந்து. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இந்த நினைப்பு உண்டு. கிளினிக்கில் அட்டை மாட்டிக்கொள்ளும்வரை எனக்கும் இருந்தது.

"நொயெமிகிட்டச் சொல்லிராதீங்க" என்றான். "யாரெலிக்கு இங்கிலீஷ்தான் வாயில வருது. எனக்குப் பாதி விளங்கறதில்ல. ஸ்கூல்ல என்னன்னு கேட்டா 'நல்லாருந்துச்சு'ம்பா, அவ்வளவுதான். பைய நீட்டுறப்ப மட்டும் 'முயல் என்ன கொடுத்துச்சுப்பா'ன்னு ஓடி வர்றா. இருக்கிற பேச்சே அதுதான். அதையும் நிறுத்திட்டா நான் அந்த வீட்டுக்கு யாரு? நிறுத்தச் சொல்லாதீங்க அக்கா."

"நான் சொல்லல. நீ சனிக்கிழமை வகுப்புக்கு வா. வந்து உக்காந்து கேளு. அது போதும்."

"வந்தா சொல்ல மாட்டீங்கல்ல?"

"சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.

வாக்குக் கொடுத்தேனே தவிர, பார்க்காமல் இருக்க முடியுமா? அன்றைக்குச் சாயங்காலமே அவர்கள் தெருவுக்குப் போய்விட்டேன். பிக்கப் வண்டி கேட்டுக்கு வெளியே நின்றதும் யாரெலி ஓடி வந்தாள். "முயல் என்னப்பா கொடுத்துச்சு?" அர்னுல்போ முகத்தில் புழுதிக்கு அடியில் ஒரு வெளிச்சம். வண்டியின் பின்பலகையைத் தாழ்த்தி அவளை உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தான். அவள் தின்றாள். அவன் நின்று பார்த்தான். அவள் கடிக்கும்போது அவன் வாயும் கொஞ்சம் அசைந்தது. தின்று முடித்ததும் வெள்ளித்தாள்களைக் கசக்கி வண்டிக்குள்ளேயே போட்டுவிட்டு, தோட்டத்துக் குழாயில் கால் கழுவப் போனான். உள்ளே நொயெமி பூசணிப் பிஞ்சுக்கு உப்புப் போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பாள்.

நான் போய்ப் பின்பலகையில் யாரெலி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?"

"இறுக்கமா இருக்கு. அம்மாகிட்டச் சொல்லுவீங்களா?"

"உனக்கு அவ்வளவு பிடிக்குமா இது?"

என்னைப் பார்த்த பார்வையில், இது தெரியாதா என்று இருந்தது. "எனக்கு ஆறிப்போன முட்டை சுத்தமாப் பிடிக்காது. வாசமடிக்கும்."

"அப்புறம் ஏன்டி திங்கற?"

"அப்பா பாத்துக்கிட்டே நிக்கறாருல்ல. ஒரு தடவை பாதியில வச்சேன். உடம்பு சரியில்லையான்னு ராத்திரி பூரா கேட்டாரு. அப்புறம் உள்ள போனா அம்மா சுரைக்காய் வச்சிருக்கும். அதத் தின்னலன்னா அம்மா அழும். அதனால அதையும் தின்னுருவேன்."

"முயல்..."

"ஐயோ, முயல் டாக்கோ சுடாதுன்னு எனக்கு ஒண்ணாங்கிளாஸ்லயே தெரியும். எனக்குத் தெரியும்னு அப்பாவுக்குத்தான் தெரியாது. நீங்க சொல்லிராதீங்க, பாவம்." பிறகு காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: "அப்பா வேலை செய்யற இடத்துல நெறையச் சாப்பாடு கொடுப்பாங்க போல. அம்மா கட்டுறது தினம் மிஞ்சிப்போகுது."

ஒரே வீட்டில் மூன்று பேர். ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்திருக்கிறது, முழுசு என்னிடம் இருக்கிறது, நானோ வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் ஆயுசில் ஒரு விஷயத்தை ஐந்து நாள் வயிற்றுக்குள் வைத்திருந்தது அந்த ஒரு தடவைதான். செவ்வாய்க்கிழமை நொயெமி போன் பண்ணினாள், எடுக்கவில்லை. எடுத்தால் கொட்டிவிடுவேன்.

சனிக்கிழமை அர்னுல்போ வந்தான். சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போகிற சட்டை போட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தகப்பன் நாற்காலி எட்டில் கடைசி ஒன்றில் உட்கார்ந்தான். அம்மாக்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். நொயெமிக்கு ஒரே ஆச்சரியம். "என்ன மந்திரம்க்கா போட்டீங்க?" என்று காதில் கேட்டாள். நான் காய்கறிப் படத்தைச் சுவரில் நேராக ஒட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

அன்றைக்குப் பாடம் சுலபமானது. வீட்டுக்கு ஒரு தாள். தாளில் ஆளுக்கு ஒரு வரிசை. காலை, மத்தியானம், சாயங்காலம், ராத்திரி என்று கட்டம். நேற்று வாயில் போட்டதை எல்லாம் எழுத வேண்டும்.

"எதையும் மறைக்கக் கூடாது" என்று சத்தமாகச் சொன்னேன். "தாள ஏமாத்தலாம், ரத்தத்த ஏமாத்த முடியாது."

யாரெலிதான் மூன்று பேருக்கும் எழுதினாள். அப்பாவுக்கு ஆங்கிலமும் வராது, எழுத்தும் தடுமாற்றம். அவளுடைய கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். தன் வரிசையை முதலில் முடித்தாள். காலை ஓட்ஸ், மத்தியானம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டில் பாதி, ராத்திரி பூசணி, ஒரு சோள ரொட்டி. சாயங்காலக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டாள்.

அர்னுல்போ தாளின் மேல் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தொட்டான்.

"இது என்ன கட்டம்?"

"சாயங்காலம்."

"இதுல ஒண்ணும் எழுதலையே."

யாரெலிக்குக் காது சிவந்துவிட்டது. பென்சிலால் மேஜையைக் குத்திக்கொண்டிருந்தாள். அவன் அவளையே பார்த்தான். தனக்காக மகள் எழுத்தில் பொய் சொல்கிறாள் என்பது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். என்னிடம் நூறு சத்தியம் வாங்கியவன், தானே வாயைத் திறந்தான்.

"முயல் கொடுத்தத எழுதும்மா."

"என்ன முயல்?" என்றாள் நொயெமி.

"நீ சும்மா இருப்பா" என்று யாரெலி முனகினாள்.

"எழுது. அக்கா சொன்னாங்கல்ல. நேத்து ஆறு."

"என்ன ஆறு?" நொயெமி எழுந்தே விட்டாள். "என்ன ஆறு? துலியா அக்கா, இவர் என்ன சொல்றாரு?"

அர்னுல்போ தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். வேலி ஓரம், வண்டியின் பின்பலகை, ஒன்று ரெண்டாகி ரெண்டு ஆறானது. நொயெமியின் முகம் வெளுத்துச் சிவந்தது.

"நான் அங்க தராசு வச்சு நிறுக்கிறேன். எண்ணெயப் பரண்ல போட்டுட்டேன். பக்கத்து வீட்டுக்காரியோட சண்டை போட்டேன். நீங்க என் கையாலயே சுட்டதக் கொண்டாந்து என் பிள்ளைக்கு... ஆறா? ஆறா கொடுத்தீங்க?" மூச்சு வாங்க நின்றாள். பிறகு குரல் மாறியது. "நான் கட்டுறது ஏழு."

அவன் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஏழுல ஆறு போனா..."

யாரெலி தலையைத் தூக்கினாள். அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கழித்தல் கணக்கு அவளுக்கு அம்மாவைவிட வேகமாக வரும்.

"அப்போ நீ என்னப்பா தின்ன?"

"எனக்குப் பசிக்கலம்மா."

"அங்க சாப்பாடு கொடுப்பாங்கல்ல? தோட்டத்துல?"

"தோட்டத்துல யாரு கொடுப்பா?" என்றான் மெதுவாக.

"மிஞ்சினதுன்னு நெனச்சேன்." அவளுக்கு உதடு கோணியது. ஸ்பானிஷில் சொல் கிடைக்காமல் ஆங்கிலத்துக்குப் போய், அது அப்பாவுக்குப் புரியாது என்று மறுபடி ஸ்பானிஷுக்கு வந்தாள். "மிஞ்சினதுன்னு நெனச்சுத்தானே தின்னேன். எனக்குப் பிடிக்கவே பிடிக்காதுப்பா. முட்டை ஆறிப்போய் நாறும். நீ பாக்கறியேன்னு தின்னேன். உன் சாப்பாடுன்னு ஏன் சொல்லல? ஏன் சொல்லல?"

"உனக்குப் பசிக்கும்னு..."

"எனக்குப் பசிக்கல! உனக்குத்தான் பசிச்சுது!"

கத்திவிட்டாள். அம்மாக்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது? நொயெமி நாற்காலியில் விழுந்து கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டாள். யாரெலி மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு தாளைத் தன் பக்கம் இழுத்தாள். தன் சாயங்காலக் கட்டத்திலிருந்த கோட்டை அழித்து, ஆறு டாக்கோ என்று எழுதினாள். பிறகு அப்பாவின் வரிசைக்குப் போனாள். காலை: காபி, ஒரு டாக்கோ. மத்தியானம் என்ற கட்டத்தில் பெரிய எழுத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினாள். எழுதி அடியில் ரெண்டு கோடு போட்டாள்.

"இன்னும் என்ன?" என்று அதட்டினாள்.

"கலர்" என்றான் அவன். "ரெண்டு."

"உண்மையச் சொல்லு."

"மூணு."

அதையும் எழுதினாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் உடனே எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைத்துவிடாதீர்கள். நொயெமி எட்டு நாள் அவனோடு பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அவள் லேசில் கொடுக்கவில்லை. ஏழு நாலானது, பன்றிக் கொழுப்பு போய்க் கள்ளியும் முட்டையும் சோள ரொட்டிக்குள் ஏறின. கலருக்குப் பதில் வெள்ளரித் தண்ணீர் கொண்டுபோனான். முதல் நாள் மத்தியானம் எல்லாரோடும் உட்கார்ந்து ஒன்றரை தின்றதும் அவனுக்குக் குமட்டியதாம். வயிறு மறந்துபோயிருக்கிறது. சிரிலோகூட அன்றைக்குக் கேலி பண்ணவில்லை என்று கங்காணி சொன்னார். அதற்கு அடுத்த சனிக்கிழமை சிரிலோவே தன் மகளோடு வகுப்புக்கு வந்து, கேரட்டுக்குக் கலர் அடிக்க வந்திருக்கிறேன் என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தான்.

முதல் வாரம் சாயங்காலங்கள்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அர்னுல்போ வண்டியை நிறுத்திவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கேட்டண்டை நிற்பான். யாரெலியும் நிற்பாள். செப்டம்பர் நடுவில் மேகம் கூடி, மண்ணில் கிடக்கிற திராட்சை எல்லாம் நனைந்து பூசணம் பிடிக்கப் போகிறது என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "மழை வந்தா என்னப்பா பண்ணுவீங்க?" என்று அவள் கேட்டிருக்கிறாள். காகிதத்தை எப்படிச் சுருட்டி மூடுவது என்று அவன் ஒரு பழைய செய்தித்தாளை வைத்துச் செய்து காட்டினான். அவள் சுருட்டினாள். அவிழ்ந்துபோயிற்று. மறுபடி சுருட்டினாள். சாப்பாடு ஆறுகிறது என்று நொயெமி மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. பிறகு இருட்டும்வரை வாய்க்கால் கரையில் நடந்துகொண்டே பேச ஆரம்பித்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். ரெண்டு பேரும் சொல்லவில்லை.

நவம்பர் கடைசி வாரம் ரத்தம் எடுத்தார்கள். அர்னுல்போவும் கிளினிக்குக்கு வந்திருந்தான். ரெண்டு நாள் கழித்து, நான் கிளம்பும் நேரத்தில் முடிவு வந்தது. ஐந்து புள்ளி ஒன்பது என்று அச்சடித்திருந்தது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகங்களைப் பார்க்காமல் எப்படி? தாளை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன், முட்டியாவது கிட்டியாவது.

பனி இறங்கிவிட்டிருந்தது. ஐந்து மணிக்கே தெருவில் விளக்கின் வட்டம் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிக்கப் வண்டியின் சத்தம் கேட்டது, கதவு சாத்தும் சத்தம், பிறகு யாரெலியின் குரல்.

"பையக் குடு."

பக்கத்தில் போனதும்தான் ரெண்டு பேரும் தெரிந்தார்கள். அவன் தலைப்பாகை போலக் கழுத்துத்துணியைச் சுற்றி, கவாத்துக் கத்தரி இடுப்பில் தொங்க, பையை நீட்டிக்கொண்டு நின்றான். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. அவள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். தண்ணீர்ப் பாட்டில் விழுந்தது. வெள்ளித்தாள் உருண்டை மூன்று விழுந்தது. உள்ளே கையை விட்டுத் துழாவி, மூலையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். பிரித்தாள். பாதி டாக்கோ.

"இது என்ன?"

"அது... விசில் ஊதிட்டாங்கம்மா. நேரமில்ல."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

"ஆறிப்போச்சும்மா. நாறும்."

"எனக்குத் தெரியாதா? ஆறு ஆறா தின்னவ நான். வாயத் திற."

"யாரெலி," என்றேன் நான், மூச்சு வாங்க, தாளை உயர்த்திக்கொண்டு, "கண்ணு, ரிசல்ட்டு வந்திருக்கு..."

"ஒரு நிமிஷம் அத்தை." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் வாங்கிக் கடித்தான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவன் தாடை அசைவதையே நிமிர்ந்து பார்த்தாள். அவன் என்னைப் பார்த்து, வாய் நிறைய இருந்ததால் கண்ணால் மட்டும், என்ன வந்தது என்று கேட்டான்.

"அங்க பாக்காதப்பா. மென்னு முழுங்கு. முழுசா முழுங்கினப்புறம்தான் எல்லாம்."

அவன் மென்றான். நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.